மோசேக்குப் பதிலாக நோவா

— கதிரை வேண்டாம் சேர், நான் இருக்க வரேல்ல. நேற்றுப் பூசையில வாசகத்தை மாத்தினது ஆர்? அதை முதல் சொல்லுங்கோ.

— சிசிலியா, இது பள்ளிக்கூடம். கோயில் கதையைக் கோயிலில கதைப்பம்.

— அங்க வாசகம் வாசிக்க ஆள் பிடிக்கிறதும் நீங்கள், இஞ்ச என்ர மகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறதும் நீங்கள்தானே? மோசேயை வாசிக்கவேண்டிய இடத்தில பிள்ளை நோவாவின்ர பேழையைச் சொல்லிக்கொண்டு நிண்டவள். முழுச் சனமும் சிரிச்சது!

— வெளியால இருந்து வந்த சுவாமி கடைசி நேரத்தில நோவாவை மோசேயா மாத்தினவர். பூசைக்கு முன்னமே உங்கட மகள் ஜெனிஸ்ராவிட்டச் சொன்னனான்.

— சொன்னால் காணுமோ? ஒருக்கா வாசிச்சுக் காட்டியிருந்தால் ஒரு சொல்லுப் பிசகாமல் சொல்லியிருப்பாளே!

— புத்தகம் அவளுக்கு முன்னால விரிச்சுக் கிடந்தது. நான் ஏன் வாசிச்சுக் காட்டவேணும்?

— அது... அவசரத்துக்குச் சொன்னனான்.

— அவசரமில்லை, உண்மை. வீட்டில நீங்கள் வாசிக்கிறீங்கள், அவள் கேட்டுப் பாடமாக்கிறாள். அவளுக்கு எழுத்துப் பிடிபடுதில்லை. இதைத்தானே நான் போன வருசத்தில இருந்து தொண்டை கிழியக் கத்திறன்!

— என்ர பிள்ளை மொக்கு எண்டுறீங்களோ?

— ஆர் மொக்கு எண்டது? கடற்கரையில கரண்ட் எடுக்கிற காத்தாடியின்ர நிழலைப் பாத்து அதின்ர உயரத்தைச் சொல்லுறாள். நான் கேள்வியை வாசிச்சு முடிக்க முன்னம் விடை வருது. அதே கேள்வியைத் தாளில குடுத்தால் முட்டை! எனக்கு வயிறு எரியாதோ?

— அப்ப உங்களுக்குப் படிப்பிக்கத் தெரியேல்ல.

— இருக்கட்டும். ஓ.எல். சோதினையில கேள்வியை வாசிச்சுக் காட்ட ஒரு ஆளைக் கேக்கலாம். அடம்பனில ஒரு பெட்டைக்கு அப்பிடிக் கிடைச்சது, இப்ப கம்பஸில படிக்கிறாள். அதுக்கு டொக்டரின்ர கடிதம் வேணும், நீங்கள் ஓமெண்டால் இண்டைக்கே அவரிட்டக் காட்ட ஒழுங்கு செய்வன்.

— டொக்டரோ? பிள்ளையில குறையெண்டு ஊரெல்லாம் பறையடிக்கவோ? நாங்கள் இந்தியா முகாமில இருந்து திரும்பி வரேக்க, படிப்பறிவில்லாத அகதியள் எண்டு எங்கட முகத்துக்கு நேர சொன்னவை. என்ர மகள் வாசகம் வாசிக்க ஏறின பிறகுதான் அந்த வாயெல்லாம் அடங்கினது. இனி நான் தலை நிமிந்து கோயிலுக்குப் போறதில்லையோ?

— உங்கட மானத்துக்குப் பிள்ளையின்ர படிப்பைப் பலி குடுக்கிறீங்கள்.

— சேர்! அளந்து கதையுங்கோ!

— அளக்க ஏலாது! இப்பிடியே விட்டால் பெயிலாகி வீட்டில இருப்பாள். அவ்வளவு மூளையும் வீணாப் போகும். ஆர் பதில் சொல்லுறது?

— அவளுக்கு வாசிக்கத் தெரியும்! நேற்று சனத்தைக் கண்டு பயந்து தடுமாறினவள், அவ்வளவுதான். என்னடி ஜெனிஸ்ரா, வந்த நேரம் துவக்கம் கதவடியிலயே நிக்கிறாய், உள்ளுக்கு வா. சொல்லு சேரிட்ட, பயந்தனான் எண்டு.

— பயப்பிடேல்ல.

— பின்னை? சேர் சொன்னது காதில விழேல்லையோ?

— விழுந்தது. மோசேயைத்தான் வாசிக்கவேணுமெண்டு தெரியும்.

— தெரிஞ்சுகொண்டு ஏனடி நோவாவைச் சொன்னனி?

— எனக்கு வாசிக்க ஏலாதெண்டு சொல்லேக்கயெல்லாம் என்ர வாயைப் பொத்தினீங்கள் அம்மா. அதுதான், நீங்கள் எழும்பி வந்து பொத்த ஏலாத இடத்தில நிண்டு சொன்னனான்.