மாப்பிள்ளை பார்க்கும் முன்

மேட்டுப்பாளையம் பேருந்து காரமடையை நெருங்கியபோது, எனக்கு முன் இருக்கையில் கழுத்தில் துண்டு சுற்றியிருந்தவர், பக்கத்திலிருந்த உறவுக்காரரிடம் கரகரத்த குரலில் சொன்னார்:

“தம்பி, எம்புள்ள கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வந்துருங்க.”

“சந்தோசமுங்கண்ணா! மாப்பிள்ளை எந்த ஊருங்க?”

“இன்னும் பாக்கலீங்க.”

“ஏனுங்கண்ணா, புள்ள இப்பத்தான காலேஜ்ல சேந்துது? அதுக்குள்ள பந்திக்குக் கூப்புடறீங்க!”

“திங்கக்கெழம தொண்டைல ஆபரேசனுங்க. அப்பறம் பேச்சு வராதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு.”

உறவுக்காரரின் சிரிப்பு நின்றது.

“பத்திரிகைய யாரு வேணாக் குடுக்கலாம். பெத்தவன் வாயால கூப்புடோணுமல்லங்க? அதான் இப்பவே ஊடு ஊடாப் போயிட்டிருக்கேன்.”

“உங்க ஊட்டு விசேசம், நான் வராமயா? ஆனா முறையாக் கூப்புடுங்கண்ணா.”

காரமடையில் பேருந்து நின்றதும் உறவுக்காரர் எழுந்து நின்றார். துண்டு சுற்றியிருந்தவரும் எழுந்தார். இரு கைகளையும் கூப்பி, தன் பெயரையும் மனைவி பெயரையும் மகள் பெயரையும் சொல்லி, முதலிலிருந்து அழைக்கத் தொடங்கினார். குரல் இரண்டு முறை அறுந்தது. வாயில் வைத்த விசிலை ஊதாமல், அவர் சொல்லி முடிக்கும்வரை நடத்துனர் நின்றிருந்தார்.