ஆலமரத்துத் தாழ்ந்த கொப்பு

மணி சரியாப் பன்னண்டரை. ராத்திரி இல்லலே... பகல். பேய்க்கு இருட்டு வேணும்னு உங்களுக்கு எவன் சொன்னான்? உச்சி வெயில்ல நம்ம நெழலு நம்ம காலுக்குள்ளயே போயிரும் பாரு, அந்த நேரத்தச் சொல்லுதேன். பண்பொழி தாண்டி மலையப் பாத்துப் போற மண் ரோடு. ரெண்டு பக்கமும் மாந்தோப்பு. ஈ காக்கா கெடையாது.

அந்த ரோட்டுல எக்ஸெல் வண்டியில தனியாப் போறா ஆவுடைத்தாய். நம்ம ஜெயபிரியா இருக்கால்லா, அவ சித்தி. சிரிக்காதலே சமீரு... நீயே போய்க் கேளு, இன்னைக்கும் அந்தப் பேச்செடுத்தா எந்திரிச்சுப் போயிருவா.

சித்தி வீட்டுல ஏழு மாடு. அதுல செவலைன்னு ஒண்ணு. மூணு ஈத்தும் காளைக் கன்னாப் போட்டுட்டு, நாலாவதுதான் கிடேரி. அன்னைக்குக் காலம்பற ஈன்னுது. சித்திக்குத் தலகால் புரியல. இந்தக் கிடேரி வளரணும், இதோட வம்சம் தொழு நெறைய நிக்கணும்னு அப்படி ஒரு ஆசை அவளுக்கு.

கன்னு விழுந்த பெறகு இளங்கொடி விழும், தெரியும்லா? அத நாய் வாய் வைக்காம வைக்கோலச் சுத்தி, சாக்குல கட்டி, ஆலமரத்துல தொங்க விடணும். பால் வடியுத மரம்லா... அப்பத்தான் மாட்டுக்கு மடி வத்தாதாம். எப்பவும் ஆம்பளதான் கொண்டு போவான். ஆனா பலவேசம் சித்தப்பா ஃபேனுக்கு அடியில படுத்துக்கிட்டு, "ஏட்டி, எனக்கு வெயில் ஆகாது. கைகாலு ஒனக்கும் இருக்குல்லா? நீயே கட்டிட்டு வா"ன்னுட்டாரு. வந்த ஆத்திரத்துல இவ வண்டிய முறுக்கிட்டா.

மரத்துல முப்பது நாப்பது சாக்கு தொங்குது... எல்லாம் எட்டாத ஒசரம். எல கூட அசையல. கைக்கு எட்டுத மாதிரி ஒரே ஒரு கொப்புதான் தாழ இருக்கு. அதுல ஏற்கனவே ஒரு பொட்டணம். சாக்கு இல்ல, சேலை. அரக்குக் கலரு, சரிகை வச்சது.

அடுத்தவக கட்டினதத் தொடக் கூடாது. மாடு வச்சிருக்கவக எல்லாருக்கும் அது தெரியும். ஆனா கோவம் கண்ண மறைச்சுட்டு. "எவ வீட்டதோ, காஞ்சு போனதுதானே"ன்னு அவுத்து ஓடைப் பக்கம் வீசிட்டு, அந்த எடத்துல தன்னோடதக் கட்டிட்டா. வீசும்போதுதான் அவளுக்கு ஒறைச்சுது. அது காயல. நல்லாக் கனக்குது... சுடுது. திரும்பிப் பாக்காம வந்துட்டா.

சன்னலச் சாத்துலே, சாரல் உள்ள அடிக்கி.

சாயங்காலம் கறக்கப் போனா, செவலைக்கு மடி தொளதொளன்னு கெடக்கு. காம்பு நாலும் ஈரம். கன்னு அவுத்துக்கிட்டுப் போய்க் குடிச்சிட்டோன்னு பாத்தா, அது மூலையில கட்டுலதான் நிக்கி. காலம்பறக் குடிச்ச ரெண்டு வாய்ச் சீம்பாலோட நின்னு கத்துது. பச்சக் கன்னு எத்தன நேரம் தாங்கும்? அவுத்து மடிகிட்ட விட்டா... செவலை ஒரே எத்து! கன்னு செவுத்துல போய் விழுந்துது. காலம்பற நக்கி நக்கி வச்சிருந்த அதே மாடுலே.

மறுநா மத்தியானம் தொழுவுல சத்தம். சப்பு... சப்பு... சப்பு... கன்னு பால் ஊட்டிக் குடிக்குத சத்தம். சித்தி சந்தோசமா ஓடுனா. கன்னு மூலையில சுருண்டு கெடக்கு. செவலை காலை அகட்டி, கண்ண மூடி நிக்கி. தொழு பூரா பச்சப் பால் வாசம். அது தலையத் திருப்பி, மடிக்குப் பக்கத்துல வெறும் காத்த நக்குது. வெறும் காத்துதான்... ஆனா அந்த நாக்கு எதுலயோ பட்டு மடங்குது.

அலறிக்கிட்டுப் புருசன்கிட்ட ஓடுனா. மரத்துல செஞ்சத எல்லாம் கொட்டுனா. சித்தப்பா எந்திரிச்சு உக்காந்துட்டாரு.

"மாட்டுக் கொடிய எவளாவது சரிகைச் சேலையில கட்டுவாளாட்டி?"

ரெண்டு பேரும் ஓடைக்குப் போனாவ. எடுத்துப் பழைய எடத்துல கட்டிருவோம்னு நெனப்பு. அங்கன சேலை விரிஞ்சு கெடக்கு. முடிச்சு அவுந்திருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல... ஒரு எறும்பு கூட இல்ல. சேலையில இருந்து ரோடு வரைக்கும் புல்லு படுத்துக் கெடக்கு. பாம்பு போன தடம் இல்லலே. தவந்து போன தடம். இவுக வீட்டப் பாத்து.

அன்னைக்குப் பொழுதடைய செவலை கட்ட அத்துட்டுப் போய்க் கன்னக் கொம்பால முட்டிட்டு. விலாவுல ரத்தம். இன்னொரு முட்டு முட்டுனா கன்னு செத்துரும். "மாடு போனாப் போவட்டும், எனக்குக் கிடேரி பொழைக்கணும்"னு சித்தி அழுதா. சுரண்டைத் தரகருக்குப் போனப் போட்டு, விடிஞ்சதும் செவலைய வண்டி ஏத்தி விட்டாச்சு. போகும்போது அது திரும்பித் திரும்பிப் பாத்துக் கத்துது. கன்ன இல்ல. தான் நின்ன காலி எடத்த.

அன்னைக்கு மத்தியானம் வேற மாட்டுப் பாலப் பாட்டில்ல ஊத்திக் குடுத்தா. அது வரைக்கும் பாட்டில்ல சரியா வாய் வைக்காத கிடேரி, இப்ப ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சிட்டுத் தூங்கிட்டு. தொழுவுல ஒரு சத்தம் இல்ல. பொழைச்சுக்கிட்டுன்னு சித்திக்கு நெஞ்சுப் பாரம் எறங்குச்சு. ரெண்டு நாளாக் கண்ணே மூடாதவ, அங்கனயே சாக்க விரிச்சுக் கன்னுப் பக்கத்துல படுத்துட்டா.

மாருல சுருக்குன்னு ஒரு வலி... முழிச்சிட்டா.

குனிஞ்சு பாக்கா. ரவிக்கை நனைஞ்சு ஒட்டிக் கெடக்கு. வேர்வை இல்ல. பாலு. அவ கடைசியாப் புள்ள பெத்து இருபத்தாறு வருசம் ஆச்சு.

அப்பத்தான் தன் வலது கையப் பாத்தா... அது அவளக் கேக்காமலே, மாருக்குப் பக்கத்துல, வெறும் காத்துல, எதையோ மெதுவாத் தட்டிக் குடுத்துக்கிட்டு இருக்கு.