பதினொன்று இருபது

— சத்தியமாச் சொல்றேன் மாப்ளே, நாலு மணி நேரம் அசையாம உட்கார்ந்திருந்தேன். கல்லு என்னைப் பார்த்து வெட்கப்பட்டுச்சு. ஈ ஒண்ணு மூக்குல உட்கார்ந்து, தூங்கி எழுந்து, புள்ளைகுட்டி பெத்து, பேரனைப் பார்த்துட்டுத்தான் பறந்துச்சு!

— ஆரம்பிச்சிட்டீங்களா அத்தான்? அளக்குறதுக்கும் ஒரு படி வேணாமா? எந்த மனுஷன் நாலு மணி நேரம் அசையாம இருப்பான்?

— அச்சாபீஸ்ல பிழை திருத்துறவன் இருப்பான். ஒரு துணைக்கால் காணாமப் போச்சுன்னா, அது கிடைக்கிற வரைக்கும் கண்ணு மட்டும்தான் நகரும்.

— போதுங்க! மூணு வருஷமா இதே பாட்டு. வேலை நேரத்துல ஊர் சுத்தினீங்கன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதை ஒத்துக்கிட்டா உங்க தலையில இருக்குற கிரீடமா இறங்கிடும்?

— பாத்தியா மாப்ளே, உங்க அக்காவே நம்பல. கட்டினவ நம்பலைன்னா, ஊர் நம்பி என்ன பிரயோசனம்?

— அக்காவை ஏன் குத்தம் சொல்றீங்க? ரூம்ல ஆள் இல்லைன்னு நானா சொன்னேன்? நம்ம ஆபீஸ் கூரையில மாட்டின மெஷின் சொல்லுச்சு.

— அதே ஜாதி மெஷின்தான் இந்தா, பழைய சாமான் கடையில பிடிச்சேன். பல்பு மாட்டி அலமாரியில வெச்சிருக்கேன். கேளும்மா, நீயும் கேளு. இந்த வெள்ளை மூடிக்குள்ள சின்னதா ஒரு படிகம். நம்ம உடம்புச் சூடு கண்ணுக்குத் தெரியாத ஒளியா வெளிய வருதுல்ல, அது அந்தப் படிகத்து மேல விழுந்து கூடிக் குறைஞ்சா, துளி மின்சாரம் துள்ளும். உடனே விளக்கு எரியும்.

— அப்போ சூடான ஆள் உட்கார்ந்திருந்தா எரியணும்ல?

— அங்கதான் இருக்கு சூட்சுமம்! அதுக்குச் சூடு முக்கியமில்ல, மாத்தம்தான் முக்கியம். மூடியில வரிவரியா இருக்குல்ல, அது ரூமையே கீத்துக் கீத்தா நறுக்கி வெச்சிருக்கு. ஒரு கீத்துலேர்ந்து அடுத்த கீத்துக்கு நீ நகர்ந்தா, "ஆள்!"னு கத்தும். அப்படியே உறைஞ்சு உட்கார்ந்தா, அதுக்கு நீயும் ஒண்ணு, சுவரும் ஒண்ணு. திருடனைப் பிடிக்கவும், நடைபாதை விளக்கு போடவும் கெட்டிக்காரன்தான். ஆனா இருக்குறவனை இல்லைன்னு சொல்றதுல அதுக்கு ஈடு கிடையாது.

— கதை நல்லாருக்கு அத்தான்.

— ரெண்டு பேரும் அது கண்ணுல படாம அலமாரிக்குப் பின்னாடி போய் நில்லுங்க. நான் நாற்காலியில உட்கார்றேன். இனி பேச்சு மூச்சு இல்ல.

— அக்கா, எவ்வளவு நேரம் இந்தக் கூத்து?

— உஷ்! ஐயோ தம்பி, அணைஞ்சிடுச்சுடா! மனுஷன் குத்துக்கல்லாட்டம் எதிர்க்கவே இருக்காரு, விளக்கு அணைஞ்சிடுச்சே!

— ரெண்டு நிமிஷம் யாராலயும் முடியும். நாலு மணி நேரம்னா?

— அதுக்கும் சாட்சி இருக்கு. என்னை அனுப்பினப்ப உங்க ஆபீஸ் குடுத்த தாள், அன்னிக்கு மெஷின் பதிஞ்ச கணக்கு. படிம்மா.

— ஒன்பதுக்கு அசைவு. பதினொன்னு இருபதுக்கு அசைவு. ஒண்ணுக்கு அசைவு. அவ்வளவுதான் இருக்கு.

— ஒன்பதுக்கு நான் உள்ள வந்தேன். ஒண்ணுக்குச் சாப்பிட எழுந்தேன். நடுவுல இருக்கே, அது யாரு?

— நீங்கதான். தலையைக் காட்டிட்டு மறுபடி வெளிய போனதா தம்பி அன்னிக்கே சொன்னானே.

— நான் தலையே தூக்கலைங்கிறேன். அப்போ அங்க வந்த சூடு யாரோடது?

— பூனையா இருக்கும் அத்தான்.

— நல்ல பூனை! கதவைத் திறந்து, வந்து, பார்த்து, மறுபடி கதவைச் சாத்திட்டுப் போற பூனை. சரி, விடு. நீயும் ஒரு தடவை நாற்காலியில உட்காரு மாப்ளே. விளக்கை அணைச்சுக் காட்டு.

— எனக்கு எதுக்கு இந்த விளையாட்டு?

— உட்காருடா தம்பி. நாங்க அலமாரிக்குப் பின்னாடி நின்னு பார்க்குறோம்.

— சரி. உட்கார்ந்துட்டேன்.

— ரெண்டு நிமிஷம் ஆச்சு. அஞ்சு ஆச்சு. ஏங்க, ஏன் இன்னும் அணையல?

— அதை என்கிட்ட கேட்காதே, அவன் காலைப் பாரு.

— தம்பி, ஏன்டா கால் இப்படி ஆடுது?

— ஒண்ணுமில்லக்கா. பழக்கம்.

— உன்னை இடுப்புல தூக்கி வளர்த்தவ நான். உனக்கு அப்படி ஒரு பழக்கம் கிடையாது. என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

— ஆபீஸ்ல எங்க ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் வெச்சுக்குவோம்னாங்க அக்கா. என் பொண்ணு கல்யாணம் நிச்சயமாகியிருந்துச்சு.

— நான் அதைக் கேட்கல. அத்தான் சொல்றது நடந்ததா, இல்லையா?

— நடந்துச்சு. பதினொன்னு இருபது நான்தான் அக்கா. கதவைத் திறந்தேன், மெஷின்ல விளக்கு எரிஞ்சுது. அத்தான் கல்லு மாதிரி தாளைப் பார்த்துக்கிட்டிருந்தாரு, நிமிரவே இல்ல. சத்தம் வராம சாத்திட்டுப் போய், ‘ரூம்ல யாருமில்லை, நேர்ல பார்த்தேன்’னு கையெழுத்துப் போட்டேன்.