செவிலிக் குதிரைகள்

குட்டி போட்ட ஒன்பதாம் நாள் வாக்கில் குதிரைக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும், சார்ஜென்ட். உங்களுக்கு நாய்தான் பழக்கம் என்பதால் சொல்கிறேன். அதுவரை குட்டியை விட்டு ஓரடி நகராதது, அன்றைக்கு வேலியோரம் போய் நின்று வாலைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வயல் ஆண்குதிரையிடம் குழையும். சிறுக்கிக்கு வெட்கமே கிடையாது. பெரிய பண்ணைகளுக்கு வரும் மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்து, இந்த ஹார்மோன் இறங்கியது, அந்த ஹார்மோன் ஏறியது என்று அழகாக விளக்குவார். நல்ல மனுஷன், என் பன்றிக்கறிக்கும் முட்டைக்கோஸுக்கும் அடிமை. அவர் சொன்னதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. பாசம் என்பதும் ரத்தத்தில் ஓடுகிற ஒரு சரக்குதானாம். ஊற வேண்டிய நேரத்தில் ஊறும், வடிய வேண்டிய நேரத்தில் வடியும்.

என் தொழில் உங்களுக்குத் தெரிந்ததுதான். நம்ம கில்டேர் பண்ணைகளில் பந்தயக் குதிரை ஏதாவது குட்டி போட்டுவிட்டுச் செத்தால் உடனே எனக்கு, இந்த டிம்ப்னா ஹெஃபர்னனுக்குத்தான் போன் வரும். என்னிடம் எப்போதும் பால் சுரக்கிற நாட்டுக் குதிரைகள் இருக்கும். ஒன்றைப் பிடித்து லாரியில் ஏற்றிவிடுவேன். அது போய் அந்தப் பெரிய இடத்து அனாதைக்குப் பால் கொடுக்கும். அதன் சொந்தக் குட்டிக்கு நாங்கள் வாளியில் பால் காட்டுவோம். பிழைத்தால் பிழைக்கும். தாய் இரண்டு மூன்று நாள் கனைத்துக் கனைத்துக் கூப்பிடும், பிறகு புல் மேயப் போய்விடும். இத்தனை வருஷத்தில் மேயப் போகாத குதிரையை நான் பார்த்ததில்லை.

குட்டியைப் பறிகொடுத்த குதிரை அன்னியக் குட்டியைக் கிட்டே சேர்க்காது, உதைக்கும். அதற்கும் வழி இருக்கிறது. செத்த குட்டியின் தோலை உரித்து, உயிரோடிருக்கிற குட்டிக்குச் சட்டை போலக் கட்டிவிடுவோம். தாய் மோந்து பார்க்கும், தன் பிள்ளைதான் என்று மடியைக் கொடுத்துவிடும். முதல்முறை பார்க்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். குட்டி சப்புக்கொட்டிக் குடிக்கும் சத்தம் கேட்டதும் சிரித்துவிடுவார்கள்.

என் மகள் ஸோர்ச்சாவுக்கு மூன்று தடவை கரு கலைந்து, நாலாவதுதான் தங்கியது. புருஷன் இங்கிலாந்தில் ரோடு போடும் வேலையில் இருக்கிறான், அதனால் பிரசவத்துக்கு என்னிடம் வந்தாள். அதே வாரம் என் லாயத்தில் வேலை செய்கிற நோரீனும் பெற்றெடுத்தாள். மேயோ கடற்கரைப் பக்கத்துப் பெண், கல்யாணமாகாதவள். விஷயம் தெரிந்தால் அவள் அப்பா வெட்டிப் போட்டுவிடுவார் என்று, கொல்லையில் நிற்கிற பழைய கூண்டுவண்டியில் அவளைத் தங்க வைத்திருந்தேன். கல்நெஞ்சக்காரி என்று என்னை ஒருத்தரும் சொல்ல முடியாது. இரண்டு பேருக்கும் ஆண் குழந்தை.

ஒரு காலையில் ஸோர்ச்சாவின் பிள்ளை தொட்டிலில் சில்லிட்டுக் கிடந்தான். காரணமெல்லாம் ஒன்றுமில்லை, குட்டிகளுக்கும் இப்படி ஆவதுண்டு. ஸோர்ச்சா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்து கேட்டால் என்ன சொல்வேன்? இந்தத் தடவையும் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? இவளும் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

நோரீன் குளிப்பதற்கு என் வீட்டுக்கு வருகிற நேரம் அது.

"ஆற அமரக் குளிச்சிட்டு வா, பொண்ணே. புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மற்றது கை பழகிய வேலை. என் பேரன் போட்டிருந்த சட்டை, தொப்பி, போர்வை எல்லாவற்றையும் அப்படியே கழற்றி நோரீனின் பிள்ளைக்குப் போட்டேன். அவனுடையதை இவனுக்குப் போட்டேன். எதையும் துவைக்கவில்லை, வாசனை போய்விடக் கூடாது பாருங்கள். பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத முகம், எல்லாம் ஒரே உருளைக்கிழங்குதான்.

ஸோர்ச்சா எழுந்து வாங்கிக்கொண்டாள். "ஏம்மா, ஒரே ராத்திரியில இப்படிக் கனக்குறானே?"

"கனக்காம? உன் புருஷன் எருமை மாதிரி இருக்கான், அவன் புள்ள எலி மாதிரியா இருக்கும்?"

விழுந்து விழுந்து சிரித்தாள். பிள்ளை மார்பைப் பிடித்துக்கொண்டான். அந்தச் சிரிப்புக்காக நான் எதையும் செய்வேன்.

குளித்துவிட்டு வந்த நோரீனிடம், உன் பிள்ளை தூக்கத்திலேயே போய்விட்டான் என்றேன். அவள்தான் ஏமாறவில்லை. "டிம்ப்னாம்மா, இது என் புள்ள இல்ல. என் புள்ளைக்குக் காது இப்படியா இருக்கும்? என் புள்ள எங்க?" என்று பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டாள். ஊரில் இருக்கிற கிழட்டு டாக்டர், துக்கத்தில் பேசுகிறாள் என்று மாத்திரை கொடுத்தார். பாதிரியார், "ஆண்டவர் உனக்கு ஒரு வழிய விட்டிருக்கார்னு நெனச்சுக்கோம்மா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். கல்யாணமாகாதவள் பேச்சு எங்கே எடுபடுகிறது? வயல் வயலாக அலைந்து பிள்ளையைக் கூப்பிட்டாள். இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடுவாள் என்று காத்திருந்தேன். அடங்கவில்லை. பெரிய தொல்லையாகப் போய்விட்டது. அப்படிப்பட்டதைக் காதுக்கு எட்டாத தூரத்துக்கு அனுப்பிவிடுவதுதான் எங்கள் தொழிலில் முறை. மேயோவுக்கு ரயில் டிக்கெட் எடுத்தேன். வெறுங்கையோடு போனால் அப்பா வீட்டில் சேர்த்துக்கொள்வார், அவளுக்கும் நல்லதுதானே.

கிளம்புகிற காலையில், சொல்லிக்கொண்டு போக சமையலறைக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்துத் தொட்டிலில் பிள்ளை அழுதான். நோரீனின் சட்டை முன்பக்கம் பால் கசிந்து திட்டுத் திட்டாக நனைந்தது. ஸோர்ச்சா அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"அடுப்புல ரொட்டி கருகுது பாரு" என்று ஏதோ சொல்லி வைத்தேன்.

ஸோர்ச்சா காதில் வாங்கவில்லை. பிள்ளையின் காதை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். தூக்கி நோரீன் கையில் கொடுத்தாள். அவன் அழுகையை நிறுத்திவிட்டான்.

"என்னோடது எங்கம்மா?" என்றாள் என்னிடம்.

கேட்ட பிறகு ஏன் ஒளிக்க வேண்டும்? கல்லறைத் தோட்டத்தில் சுவரோரம், நோரீனின் பிள்ளை என்று பேர் போட்டு இருக்கிறான் என்றேன். நல்ல பெட்டி, வெள்ளைப் பூ, எல்லாம் நானே ஏற்பாடு செய்ததையும் சொன்னேன்.

"நீ போயிருந்தியா?"

"போகாம? நோரீன் விழுந்துடாம நான்தானே தாங்கிப் புடிச்சிருந்தேன்."

"அழுதியா?"

எப்படி அழுவது, நீங்களே சொல்லுங்கள். வேலைக்காரியின் பிள்ளைக்கு எஜமானி அழுதால் நாலு பேர் நாலு விதமாகப் பேச மாட்டார்களா? அன்று மத்தியானமே ஒரு குதிரையை வேறு அனுப்ப வேண்டியிருந்தது.

"நேரமில்லடி" என்றேன்.

எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜென்ட். அவ்வளவும் நான்தான் செய்தேன், ஒருத்தரும் தூண்டவில்லை. என் மகள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரக் கூடாது என்றுதான் செய்தேன். வரவும் இல்லை. மேல்கோட்டுகூட மாட்டாமல், என்னைத் திரும்பிப் பார்க்காமல், நேராக உங்களிடம் நடந்து வந்தாளே, அழுதுகொண்டா வந்தாள்? இல்லையே. அந்த வகையில் நான் நினைத்தது நடந்துதான் இருக்கிறது.