சுவரைப் பார்த்து நின்ற கார்

டீ நன்றாக இருக்கிறது, சார். எங்கள் தாராவி சந்தில் இஞ்சியை இவ்வளவு தாராளமாகத் தட்டிப் போட மாட்டார்கள். நீங்களும் தமிழ் என்பதால் நிம்மதியாகச் சொல்கிறேன்.

அந்தப் பழைய காருக்கு ஒரே நோய்தான். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் அணைந்துவிடும். இதை இரண்டு பேர் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். ஒருவன் பானெட்டுக்குள் தலையை விட்டுக் காதால் கேட்பான். மற்றவன் சீட்டில் உட்கார்ந்து, அவன் சொல்லுக்குக் காலை வைப்பான், எடுப்பான். என் தங்கை சஃப்ரீனின் புருஷன் யாசருக்குக் காது அருமையான காது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இடம் போதாது. கார் சுவரைப் பார்த்து நிற்கும், நடுவில் அவன் நிற்பான்.

யாசர் தங்கமானவன். ஒருநாள்கூட அவளை அதட்டியதில்லை. அன்றைக்குக் குனிந்தபடியே, "மச்சான், நவி மும்பை வாஷில தனியா வீடு பாத்தாச்சு. சஃப்ரீனும் சரின்னுட்டா. அடுத்த மாசம் போறோம்" என்றான். உம்மாவும் வாப்பாவும் போனபிறகு அவளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குக் கோபம் வராது, சார். முதல் கியரைப் போட்டேன். "ரேஸ்லேந்து கால எடுங்க" என்றான். கிளட்சையும் சேர்த்து விட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி அணைந்துபோனது. பம்பர் அவன் முழங்காலை இடித்தது.

"கியர்ல கெடக்கு மச்சான். ஆளக் கொன்னுருவிய போல" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். பிறகு பொறுமையாகக் காத்திருந்தேன். கார்புரேட்டரில் அடைத்திருந்த கசடை ஊதி எடுத்தான்; திருகை இம்மி இம்மியாகத் திருப்பினான். உலையில் சோறு கொதிக்கிற மாதிரி எஞ்சின் சீராக ஓடத் தொடங்கியது.

"இனிமே நிக்காது. ரேஸ்லேந்து கால எடுத்துப் பாருங்க" என்றான்.

நான் மறுபடி முதல் கியரைப் போட்டு அழுத்தினேன். பானெட் மறைத்ததால் முகம் தெரியவில்லை. கைகள் மட்டும் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தன. எலும்பு நொறுங்குவது எஞ்சினை மீறிக் கேட்டது. பின்னால் எடுத்து இன்னொரு முறை போனேன். அரைகுறையாக விட்டால் அவனுக்குத்தானே வேதனை. அவன் சொன்னது சரிதான், எஞ்சின் நிற்கவே இல்லை.

கியர் தவறி விழுந்தது என்று சொல்லி அடக்கமும் செய்தாயிற்று. சுவரில் ஏன் இரண்டு முறை மோதிய தடம் என்று போலீசில் நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள். கேட்டது நியாயம்.

தங்கை ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேனே, அதுவும் பொய். அவன் மய்யித்தை அடக்கிய நாளிலிருந்து மேல் அறையில்தான் இருக்கிறாள். சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. யாராவது போய்ச் சோறு வைத்துவிட்டு, மறக்காமல் திரும்பப் பூட்டிவிடுங்கள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?