கோல் கம்பம் அரிந்த வழக்கில் கதிரவேல் தவராசா சொன்னது

திருகோணமலை பொலிஸ் நிலையம். 1960ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 16ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, பின்னேரம்.

பெயர்: கதிரவேல் தவராசா. வயது: 28. சமயம்: சைவம். தொழில்: கப்பல் சாமான் இறக்கும் நாட்கூலி. பிறந்த இடம்: சாம்பல்தீவு. தற்போதைய விலாசம்: உட்துறைமுக வீதிக்குப் பின்புறம், மனைவியின் தமையனுடைய வீட்டுக் கோடியில் சுவரோடு சாய்த்து இறக்கிய தகரப் பத்தி. எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தமிழில் சொல்லச் சொல்லத் தமிழிலேயே பதியப்பட்டது.

நான் மேற்சொன்ன விலாசத்தில் என் மனைவி யோகம்மாவுடன் வசித்து வருகிறேன். அவர் இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. நான் நீலக்கடல் விளையாட்டுக் கழகத்தின் உதைபந்தாட்ட அணியில் கோல்கீப்பராக விளையாடி வருகிறேன். அந்தக் கழக மைதானத்தில் துறைமுகப் பக்கத்துக் கோல் கம்பங்கள் இரண்டையும் இன்று பின்னேரம் கைவாளால் அரிந்தது நான்தான். அதை மறுக்க நான் இங்கே வரவில்லை. ஏன் அரிந்தேன் என்று கேட்டீர்கள். அதையும் சொல்லுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரர் கடற்படை டொக்யாட்டைக் கையளித்துவிட்டுப் போகும்வரை நான் அங்கே வடம் கட்டும் பகுதியில் வேலை செய்தேன். அதன் பிறகு எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து கப்பல் வந்தால் எனக்கு வேலை, வராவிட்டால் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். மைத்துனர் நல்லவர், ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அவருடைய மனைவி ஒவ்வொரு நாளும் எங்கள் பத்தியைப் பார்த்து, பிள்ளை பிறந்தால் எங்கே கிடத்தப் போகிறீர்கள் என்று கேட்பார்.

சென்ற ஓகஸ்ட் மாத முற்பகுதியில், கொழும்பில் உள்ள ஒரு கம்பனியின் அலுவலாக குணரத்தினம் என்பவர் திருகோணமலைக்கு வந்திருந்தார். அந்தக் கம்பனியின் விளையாட்டுப் பொறுப்பும் அவருடையதே. எங்கள் ஆட்டம் ஒன்றைப் பார்த்தவர், முடிந்ததும் மைதானத்துக்குள் வந்து, சேறு படிந்த என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதன் பிறகு, தங்கள் அணிக்கு விளையாட வந்தால் கம்பனிக் களஞ்சியத்தில் நிரந்தர வேலையும் குடும்பத்துடன் இருக்க ஓர் அறையும் தருவதாகச் சொன்னார். ஆட்டத்துக்கு மூன்று வருட ஒப்பந்தம், அதன் பிறகு கால் கை உடைந்தாலும் வேலை போகாது என்றார். ஒரேயொரு நிபந்தனைதான். நான் நீலக்கடல் பெயரில் பதியப்பட்டவன். ஆகையால் கழகம் என்னை விடுவதாகக் கடிதம் கொடுக்க வேண்டும். செப்டெம்பர் 15ஆம் திகதியோடு கொழும்பில் பதிவு மூடப்படும்.

வீட்டுக்கு வந்து யோகம்மாவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அடுத்த நாளே தான் வளர்த்த கோழிகளை அயலவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். கொஞ்சம் பொறு என்று நான் சொன்னேன். "அறைக்குள்ள கோழி வளர்க்க ஏலுமே?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் என்று எனக்கே நினைவில்லை.

எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அது எந்தச் சட்டத்திலும் எழுதியதல்ல. எந்த விஷயமும் துறைமுக வீதியில் சரீப் என்பவருடைய தேத்தண்ணிக் கடையில்தான் தீர்மானிக்கப்படும். அங்கத்தவர் என்றில்லை, மைதானக் கயிற்றுக்கு வெளியே நின்று கூச்சல் போடுகிறவருக்கும் அங்கே வாய் உண்டு. செயலாளர் கனகசபை அந்தச் சபை சம்மதியாமல் எதிலும் கையொப்பம் வைக்க மாட்டார். அதன்படி என்னுடைய கதையும் அங்கே எடுக்கப்பட்டது. நானும் ஒரு மூலையில் மர வாங்கில் இருந்தேன்.

சும்மா விட ஏலாது, பதிலுக்கு ஏதும் வாங்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே சொல்லில் நின்றார்கள். எவ்வளவு என்பதில்தான் சண்டை. போன வருடம் பக்கத்துக் கழகம் தன் முன்வரிசை ஆட்டக்காரன் ஒருவனைக் கொழும்புக்கு விட்டு, அணி முழுவதற்கும் ஜேசிச் சட்டை வாங்கியிருந்தது. "பந்துக்குப் பின்னால ஓடுறவனுக்கே அவ்வளவெண்டா, பந்தைப் பிடிக்கிறவனுக்கு எவ்வளவு?" என்று ஒருவர் கேட்டார். உயரப் பந்துக்கு என்னைப் போல் ஆள் இல்லை என்றார் ஒருவர். இடது பக்கம் நிலத்தோடு வரும் பந்துக்கு விழ நேரமாகும், அதைக் கம்பனிக்காரன் கண்டிருப்பான் என்றார் இன்னொருவர். அவரை அடிக்கப் போனார்கள். கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிற இராசையா எழுந்து வந்து, என் வலது கையைத் தூக்கி விரலை விரித்து எல்லோருக்கும் காட்டினார். "இந்தக் கைக்கு விலை கேக்க உங்களுக்கு வாய் கூசுதோ? நான் கூறுறன் பாருங்கோ!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கும் அன்று கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

கடைசியில் இரண்டு கோலுக்கும் வலையும் இரண்டு தோல் பந்தும் கேட்பதென்று தீர்ந்தது. அடுத்த நாள் கனகசபை அதைக் குணரத்தினத்திடம் சொன்னார். அவர் அந்த இடத்திலேயே ஓம், தருகிறேன் என்றுவிட்டார்.

என் வாழ்க்கையைக் கெடுத்தது அந்த ஓம்தான். எங்கள் கடற்கரையில் வாங்க வருகிறவன் பேரம் பேச வேண்டும், முகத்தைச் சுழிக்க வேண்டும், இரண்டடி நடந்து போய்த் திரும்பி வர வேண்டும். கேட்ட விலைக்கு ஒருவன் உடனே தலையாட்டினால், மீன்காரன் மீனைத் திரும்பக் கூடைக்குள் போட்டுவிடுவான். குணரத்தினம் கந்தோர் மனிதர், அவருக்கு இது தெரியாது. "கேட்ட கையோட ஓம் எண்டிட்டான். அப்ப நாங்கள் ஏமாந்து போனம்!" என்று இராசையா அன்று பின்னேரம் கடையில் தலையில் அடித்துக்கொண்டார். அதன் பிறகு கழகக் கொட்டிலுக்குக் கூரைத் தகரமும் வேண்டும் என்று கேட்டார்கள். குணரத்தினம் கொழும்புக்கு ரெலிபோன் எடுத்துப் பேசி, அதற்கும் ஓம் என்றார். அவர்களுக்குச் சந்தேகம் இன்னும் கூடிப் போயிற்று.

மூன்றாம் நாள் கனகசபை, கழகத்துக்கு இன்னும் ஒரு வேலை வேண்டும் என்றார். யாருக்கு என்று பார்த்தால் அவருடைய மருமகனுக்கு. அந்த மனிதருக்குப் பந்து உருண்டையா சதுரமா என்றே தெரியாது. குணரத்தினம் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "நான் ஒரு கீப்பரைக் கேட்டனான், ஊரை இல்லை" என்றார். இறங்கி நடந்தார். கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பேரம் இப்போதுதான் தொடங்குகிறது, பிள்ளையார் கோயில் சந்தியோடு திரும்பி வருவான் என்றார் இராசையா. எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை.

சரீப் மட்டும் அப்போது வாய் திறந்தார். "அல்லாக்காக அந்தப் பொடியன விடுங்க. அவன்ட வயித்துல ஏன் அடிக்கிறீங்க?" என்றார். உமக்குப் பந்தாட்டம் விளங்காது, நீர் தேத்தண்ணியை ஆற்றும் என்று அவருக்குப் பதில் வந்தது.

அதன் பிறகு நான் கனகசபையின் வீட்டுக்குப் போய், வலையும் வேண்டாம் தகரமும் வேண்டாம், ஒரு கையொப்பம் போடுங்கள் என்று கேட்டேன். அவர் கதிரையில் இருந்தார், நான் நின்றேன். "தம்பி, உன்ர பெறுமதி உனக்கே தெரியயில்ல. உனக்காகத்தானே நாங்கள் விடாமல் நிக்கிறம்" என்றார். இரண்டாம் முறை போனபோது இன்னும் நாள் இருக்கிறது என்றார். மூன்றாம் முறை போனபோது அவர் வீட்டில் இல்லை என்றார்கள், ஆனால் அவருடைய செருப்பு வாசலில் கிடந்தது. யோகம்மா பெட்டியைக் கட்டி வைத்தபடியே இருந்தார். உடுப்பு வேண்டியபோது அவிழ்ப்பார், பிறகு திரும்பக் கட்டுவார்.

நேற்று மத்தியானம் கிண்ணியாக் கழகத்துக் கோல்கீப்பர் அபூதாஹிர் என் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றவர் உள்ளே வர மாட்டேன் என்றார். "அண்ணன், அந்த இடம் எனக்குக் கிடைச்சிருக்கு. நான் கேட்டு எடுக்கயில்ல. மத்தவன் வாயால நீங்க கேக்கக் கூடாதெண்டு வந்தன்" என்றார். அவருடைய கழகம் அவர் கேட்ட அன்றே கடிதம் கொடுத்து, புதுச் சேட்டு ஒன்றும் தைத்துக் கொடுத்ததாம். அந்த அபூதாஹிர் உயரப் பந்துக்கு என் தோளுக்கும் வர மாட்டார். அது அவருக்கும் தெரியும், அதனால்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. யோகம்மா தேத்தண்ணி கொடுத்தார். அவர் போன பிறகு யோகம்மா பெட்டியை அவிழ்த்து, சேலைகளைத் திரும்பக் கொடியில் போட்டார். அந்த நேரம் பார்த்து, கொடுத்த கோழிகளில் ஒன்று பழக்கத்துக்கு எங்கள் பத்திக்குள் வந்தது. அதை அவரே வெளியே கலைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

இன்று வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு நான் சரீப்பின் கடைக்குப் போனேன். அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போய் இன்னும் திரும்பியிருக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் இருந்தார்கள். நேற்றோடு பதிவு மூடிவிட்டது, என் வேலை போய்விட்டது, இதற்கு யார் பதில் சொல்லுவது என்று கேட்டேன். யாராவது தலையைக் குனிவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் எழும்பி நின்று கை தட்டினார்கள். "கொழும்பாலயே இவனை வாங்க ஏலாமப் போச்சு!" என்று இராசையா கத்தினார். யாரோ போய்ப் பூமாலை வாங்கி வந்து என் கழுத்தில் போட்டார்கள். எனக்கு பிளேன்ரீயும் பணிசும் தந்தார்கள். என்னைத் தெருவில் போட்டு அடித்திருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்காது. மாலையைக் கழற்றி வாங்கில் வைத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு வீட்டுக்குப் போய் மைத்துனருடைய கைவாளை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். நல்ல வெயில், யாருக்கும் ஒளிக்கவில்லை. துறைமுகப் பக்கத்துக் கம்பம் இரண்டும் அடியில் கறையான் அரித்தவை, ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு முன் மாற்ற வேண்டும் என்று கொஞ்ச நாளாகக் கதை இருந்தது. நான் முதல் கம்பத்தை அரிந்துகொண்டிருக்கும்போது இராசையாவும் இன்னும் நாலைந்து பேரும் வந்தார்கள். கோபம் ஆறிக் கம்பம் மாற்ற வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள். "வாள் இறுகுது பார், பொறு, நான் பிடிக்கிறன்" என்று இராசையா இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. இரண்டாவது கம்பத்தையும் அவரே பிடித்துத் தந்தார்.

கம்பங்கள் சரிந்த பிறகு புதிய மரம் எங்கே என்று கேட்டார். புதிய மரம் இல்லை என்றேன். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வது என்றார். இந்தக் கோலுக்குள் இனி நான் நிற்க மாட்டேன், நிற்காத இடத்துக்குக் கம்பம் எதற்கு என்றேன். அப்போதுதான் அவர்களுக்கு விளங்கிற்று. நாலு பக்கத்தாலும் விழுந்து அடித்தார்கள். நான் திருப்பி அடிக்கவில்லை. கீழே கிடக்கும்போது இராசையாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. "கையில அடியாதேங்கோ! டேய், காலிலயும் வேண்டாம்! முதுகில போடுங்கோ!" என்றார். அவர் சொன்னபடியே செய்தார்கள்.

காயங்கள் பற்றிக் கேட்டபோது: முதுகிலும் தோள்பட்டையிலும் அடிகாயங்கள் உண்டு. கைகளில் ஒரு கீறலும் இல்லை. என்னை இங்கே கொண்டுவந்தபோதும் கைகளைக் கட்டவில்லை, இடுப்பில்தான் துவாய்த் துண்டால் கட்டி இழுத்து வந்தார்கள். அடித்தவர்கள் மேல் முறைப்பாடு செய்ய நான் விரும்பவில்லை.

யாராவது தூண்டிவிட்டார்களா என்று கேட்டபோது: இல்லை. மைத்துனருக்கு வாள் எடுத்தது தெரியாது. வாளை அவரிடம் திருப்பிக் கொடுக்கவும்.

மேலும் சொல்வதாவது: இந்த வாக்குமூலம் தொடங்குவதற்குச் சற்று முன் கழகச் செயலாளர் கனகசபை இந்த நிலையத்துக்கு வந்து, நான் இருந்த வாங்கில் என் பக்கத்தில் இருந்தார். முதலில் என் இரண்டு கைகளையும் எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்திப் பார்த்தார். நோகிறதா என்று கேட்டார். முதுகு நோகிறது என்றேன். அது பரவாயில்லை என்றார். அதன் பிறகு, என் மேல் கழகம் கொடுத்த முறைப்பாட்டை இப்போதே திரும்ப எடுப்பதாகவும், தானே எனக்குப் பிணை நிற்பதாகவும், நாளைக்குள் புதுக் கம்பம் நட்டுவிடுவதாகவும் சொன்னார். பதிலுக்கு நான் ஞாயிற்றுக்கிழமை மூதூர்க் கழகத்தோடு நடக்கும் இறுதி ஆட்டத்தில் கோலுக்குள் நிற்க வேண்டுமாம். "உன்னை விட்டா எங்களுக்கு ஆர் இருக்கினம் தம்பி?" என்று கேட்டார். சொல்லும்போது அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

ஆகையால் நான் கேட்டுக்கொள்வது இதுதான். முறைப்பாட்டைத் திரும்ப எடுக்க விட வேண்டாம். யார் வந்து பிணை நின்றாலும் என்னை விட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து, மைதானத்தில் கடைசி ஆளும் வீட்டுக்குப் போகும்வரை என்னை இங்கே மறியலில் அடைத்து வைத்திருக்கவும். யோகம்மாவுக்கு மட்டும் ஆள் அனுப்பி, நான் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லச் சொல்லவும்.

இதில் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், கேட்டுக்கொண்டேன். நான் சொன்னதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அத்தனையும் நடந்தது நடந்தபடி. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சுகமாக உள்ள என் வலது கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) க. தவராசா