இன்னாசியின் இஞ்சி பீர்

— நான் பந்தலுக்கு வரல ரீத்தா. சாமியாரு கேட்டா வயித்துவலின்னு சொல்லிடு.

— நல்லா கீதுங்க நீங்க சொல்றது. பொண்ணு மொதவாட்டி பூசையில அப்பம் வாங்குன புதுநன்மை விருந்து. பெத்த அப்பன் மோட்டார் கொட்டாயில ஒளிஞ்சிக்கினு நின்னா ஜனம் இன்னா பேசும்?

— இன்னாசி போட்ட இஞ்சி பீரு வெடிச்சிப்போச்சாம், அவன் சகலை ஜெரின் போட்டதுதான் குடிக்கக் கெடச்சிச்சாம்னு பேசும்.

— பீரு பீருன்னு கத்தாதீங்க. கள்ளச்சாராயத்துல ஜனம் செத்த நம்ம மாவட்டத்துல அந்தப் பேரக் கேட்டாலே போலீசு ஜீப்பு வந்து நிக்கும். ஜெரின் தம்பியாட்டம் இஞ்சிச் சோடான்னு சொன்னா இன்னா கொறஞ்சிடும்?

— பாத்தியா. பேரு வைக்கிறதுலகூட அவன்தான் ஒனக்கு ஒசத்தி.

— மாதாவே, நான் அப்டியா சொன்னேன்?

— கரியாலூர் மேல போயி இஞ்சி பாத்து வாங்கத் தெரியுமா அவனுக்கு? நான் வண்டியில ஒக்கார வச்சி கூட்டிக்கினு போனேன். நாட்டுச்சக்கர எவ்ளோ, எலுமிச்சம்பழம் எவ்ளோ, எப்ப நொர கட்டும், எல்லாம் நான் சொல்லிக்குடுத்தது. ஈஸ்டருக்கு ஒங்கப்பன் இன்னா சொன்னாரு? ‘மாப்ள, ஜெரின் கைப்பக்குவம் ஒங்களுக்கு வரலியே’ன்னாரு. அத்தினி பேரு எதிர்க்க. அன்னியிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல ரீத்தா.

— அவருக்கு வாயி ஜாஸ்தி. அதுக்கு அந்தத் தம்பி இன்னா பண்ணும்? பாட்டிலு வெடிச்சதும் அவராலயா? தெனம் மூடியத் தொறந்து காத்து வுடணும்னு நீங்கதான சொல்வீங்க.

— நான்தான் உளுந்தூர்பேட்டைக்கு லோடு ஏத்திக்கினு போயிட்டனே.

— போனீங்க. இந்தக் கொட்டாயப் பூட்டி சாவிய இடுப்புல சொருவிக்கினு போனீங்க. என்னாண்ட குடுத்திருந்தா நான் தொறந்து வுட்டிருக்க மாட்டனா?

— ஒன்னாண்ட குடுத்தா ஒன் தங்கச்சியாண்ட போவும். டயானா பாத்தா அவ புருசன் பாத்த மாதிரி. இந்தவாட்டி மெளகு தட்டிப் போட்டிருந்தேன். அது அவனுக்குத் தெரியக் கூடாது.

— அந்த மெளகு சொவுத்துல ஒட்டிக்கினு கீது பாருங்க, கண்ணாடித் தூளோட.

— சிரி. நல்லா சிரி. வெடிச்ச ஒடனே விருந்துக்கு அவன் டிரம்முல ஊறப்போட்டுட்டான் பாரு. அதுல இன்னா சந்தோசம் அவனுக்கு.

— கேளுங்க, நான் ஒண்ணு சொல்றேன். பாப்பா வெள்ளக் கவுனோட ‘அப்பா எங்கம்மா’ன்னு கேட்டுக்கினே நிக்கிது. எழுந்து வாங்க. வந்து மேசயப் பாத்தா ஒங்க வயித்தெரிச்சல் எல்லாம் போயிடும். அதுக்கு மேல என்னக் கேக்காதீங்க.

— என் வயித்தெரிச்சலுக்கு நானே வழி பண்ணிட்டேன். இங்க நின்னாலே காதுல வுழும்.

— இன்னா காதுல வுழும்?

— துப்புற சத்தம்.

— ன்னாங்க, இன்னா பண்ணீங்க?

— நேத்து சாயங்காலம் அண்டா கேக்க ஜெரின் வூட்டுக்குப் போனேன் இல்ல. டயானா அண்டா எடுக்க உள்ள போனா. அவன் இல்ல. டிரம்மு அடுப்பாண்டயே இருந்திச்சி, உப்பு ஜாடியும் அங்கியே. ரெண்டு கை அள்ளிப் போட்டு, கரண்டியால நல்லா கலக்கி வுட்டேன்.

— உப்பா?

— கல்லுப்பு. ருசி பாத்துட்டான்னா மாட்டிக்குவேன்னு ராவெல்லாம் தூக்கம் இல்ல. காலையில கோயில்ல சிரிச்சிக்கினே வந்து, ‘அண்ணே, பாட்டில்ல ஊத்தியாச்சி’ன்னான். அப்பதான் மூச்சு வந்திச்சி.

— அவரு எப்டிங்க ருசி பாப்பாரு? நன்மை வாங்கப்போற நாளு பூசை முடியிற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாது அவருக்கு. விடியகாத்தால எழுந்து ஊத்தியிருக்காரு.

— தெரியும். அத நம்பித்தான் போட்டேன், இருந்தாலும் பயம். பொறாமைதான், இல்லங்கல. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அவன் எல்லாரு எதிர்க்கயும் தல குனிஞ்சி நிக்கணும்.

— வெடிச்ச அன்னிக்கு அந்தத் தம்பிக்குப் போன் பண்ணி அழுதது நான்தாங்க. ‘அழுவாத அக்கா, நான் போட்டுத் தர்றேன். நான் போட்டதுன்னு ஜனத்துக்குத் தெரிய வாணாம், அதுக்கு இன்னா பண்றேன்னு அண்ணனுக்கே அப்பறம் சொல்லிக்கலாம்’னாரு.

— இன்னா சொல்ற நீ?

— அவரு வூட்டு பாட்டில்ல ஊத்தலிங்க. வெடிக்காம மீந்த ஒங்க பச்சப் பாட்டில்லதான் ஊத்தி வச்சிருக்காரு.

— ஓடு. யாரும் வாயில வைக்கறதுக்குள்ள ஓடிப்போயி எல்லாத்தயும் எடு.

— எங்க ஓடறது? மைக்குல பாப்பா பேசுது, கேளுங்க.

— சாமி, மொத டம்ளர் நீங்கதான் குடிக்கணும். எல்லாரும் குடிங்க. இது எங்க அப்பா போட்டது.